பன்னீர் திராட்சையும் பரோலோவும்

ஒயின் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் வீட்டுக்காரம்மா ஒரு பார்வை பார்த்தாங்க. குடிக்கிறதைப் பத்தி இல்ல, மண்ணைப் பத்தின்னு விளக்கம் சொன்ன பிறகுதான் காபி வந்துச்சு. திருவாதவூர்ல நெல்லும் கொஞ்சம் மல்லியும் போடுற ஆளுக்கு இத்தாலி ஒயின்ல என்ன வேலைன்னு உங்களுக்கும் தோணலாம். வேலை இருக்கு, கடைசி வரைக்கும் படிங்க.

எங்க அக்கா மகன் சொகுசுக் கப்பல்ல சமையல்கட்டு வேலை பார்க்குறான். இத்தாலியில சவோனாங்கிற துறைமுகத்துல இருந்து அந்தக் கப்பல் கிளம்பும். கூட வேலை செய்யுற பையனுக்கு ஊர் பக்கத்துலயே, பீட்மாண்ட் மாநிலத்துல லாங்கேன்னு ஒரு மலைச்சரிவுப் பகுதி. லீவுல இவனையும் கூட்டிட்டுப் போயிருக்கான். அந்தப் பையனோட அப்பா திராட்சை விவசாயி. விவசாயி வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சதும் தோட்டம் முழுக்கச் சுத்திக் காட்டி, கிளம்புறப்ப ஒரு பாட்டில் கையில குடுத்திருக்கார். மேல பரோலோன்னு ஊர்ப் பேரு, கீழ 2016-ன்னு அறுப்பு வருஷம்.

எங்க வீட்ல அதைத் திறக்க முடியாது. சுருளிப்பட்டிப் பக்கம் இருக்குற மச்சான் வீட்டுக்குப் போனப்ப எடுத்துட்டுப் போனோம். மச்சானுக்கு மூணு ஏக்கர் பன்னீர் திராட்சை. திராட்சை வெக்கிற ஆள் வீட்லதான் திராட்சை ஒயினைத் திறக்கணும்னு அக்கா மகன் ஒரு நியாயமும் சொன்னான்.

சிவப்பு ஒயின்னா நாவப்பழச் சாறு மாதிரி கருஞ்சிவப்பா இருக்கும்னு நெனச்சிருந்தேன். டம்ளர்ல ஊத்துனா செங்கல் நிறம் கலந்த வெளிறின சிவப்பு. பின்னாடி பிடிச்ச விரல் தெரியுது. மணம் மட்டும் பலமா இருந்துச்சு. காஞ்ச ரோசாப்பூ வாசம், அதோட புதுசா ரோடு போடுறப்ப வர்ற தார் வாசம். ஒரு வாய்தான் வெச்சேன். கொட்டைப்பாக்கை மென்னா கன்னம் ஒட்டிக்குமே, அப்படி ஒரு துவர்ப்பு. புளிப்பும் இருக்கு, இனிப்பு மருந்துக்கும் இல்ல.

மச்சான் முகத்தைச் சுளிச்சார். "என்ன மாப்ள, கடுக்காய்க் கஷாயம் மாதிரி இருக்கு? இதையா ஊர் உலகமே கொண்டாடுது?"

"இது இன்னும் எளசு மாமா. பத்து வருஷம் கிடந்தா இந்தத் துவர்ப்பு அடங்கிரும்"னான் அக்கா மகன்.

கெட்டுப் போகாம பத்து வருஷம், இருபது வருஷம் கிடந்து நல்லாவது ஒரு பழச்சாறுன்னா அது எப்படின்னு எனக்குக் கேள்வி வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட கேட்டதும், அப்புறம் தேடிப் படிச்சதும்தான் இந்தப் பதிவு.

அந்தத் திராட்சை ரகத்துக்குப் பேர் நெபியோலோ. இத்தாலி பாஷையில மூடுபனிக்கு நெபியான்னு பேர். அந்தப் பனி இறங்குற அக்டோபர் மாசத்துலதான் இது பழுக்கும், அதனால இந்தப் பேருன்னு சொல்றாங்க. மத்த கொடிக்கு முன்னாலயே துளிர் விட்டு, எல்லாக் கொடிக்கும் பின்னால பழுக்குற ரகம். தோல்லயும் விதையிலயும் துவர்ப்பு ஏராளம்.

துவர்ப்புன்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. அறுசுவையில ஒண்ணா வெச்சிருக்கோம். வாழைப்பூ, நாவப்பழம், மாதுளைத் தோல், கடுக்காய் எல்லாம் அந்தச் சாதிதான். தோல் பதனிட கடுக்காய் போட்டதும், பழைய சுண்ணாம்புச் சாந்துல கடுக்காய்த் தண்ணி ஊத்தினதும் சும்மா இல்ல. பொருளை இறுக்கி, கெடாமப் பிடிச்சு வெக்கிற குணம் அதுக்கு உண்டு. ஒயின்லயும் அந்தத் துவர்ப்பும் புளிப்பும்தான் காவல். வருஷம் போகப் போக துவர்ப்புத் துகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி அடியில வண்டலாப் படியும். நாக்கைப் பிடிக்கிறது குறையும், மணம் விரியும். புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரின்னு வெச்சுக்கங்க. நல்ல பழம்புளியை வாங்க எங்க ஊர்ல இன்னைக்கும் ஆள் தேடி வருவாங்க.

பரோலோன்னு பேர் போடணும்னா சட்டம் இருக்கு. நெபியோலோ தவிர வேற ரகம் ஒரு பழம் கூடச் சேரக் கூடாது. மொத்தம் 11 ஊர் எல்லைக்குள்ள விளைஞ்சதா இருக்கணும். அதுலயும் சரிவு நிலம்தான். பள்ளத்தாக்குத் தரை, சமதரை, வடக்குப் பார்த்த சரிவு எல்லாம் தள்ளுபடி. ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல அறுக்கக் கூடாது. அறுத்த வருஷத்து நவம்பர் 1-ல இருந்து 38 மாசம் கழிச்சுத்தான் வெளிய விடலாம், அதுல 18 மாசம் மரப்பீப்பாயில கிடந்திருக்கணும். ரிசர்வான்னு உசத்தியாப் போடணும்னா 62 மாசம். அஞ்சு வருஷத்துக்கு மேல!

மண்ணுக்கு வருவோம். பல லட்சம் வருஷத்துக்கு முன்னால அந்த மலையெல்லாம் கடலடி. அந்த வண்டல்தான் இப்ப சுண்ணாம்பு கலந்த களியா, நீலம் பாய்ஞ்ச சாம்பல் நிறத்துல இருக்கு. நம்ம பக்கம் கெணறு தோண்டுறப்ப சுக்கான் வரும்ல, அந்தச் சுண்ணாம்புக் குணம் அங்க மண் முழுக்க இருக்குன்னு நெனச்சுக்கங்க. அதுலயும் ஊருக்கு ஊர் வித்தியாசம். மேற்குப் பக்கம் லா மொர்ராங்கிற ஊர்ல மண் கொஞ்சம் மெத்து, ஒயின் சீக்கிரம் பக்குவமாகும், மணம் முந்தும். கிழக்குப் பக்கம் செரலுங்காவுல மண் இன்னும் பழசு, மணல்கல் கலந்தது. அங்க ஒயின் முரடு, அடங்க வருஷக் கணக்கா ஆகும். நடுவுல சில கிலோமீட்டர் தூரம்தான். திருவாதவூருக்கும் மேலூருக்கும் உள்ள தூரம் கூட இருக்காது.

வெள்ளைக்காரங்க இதுக்கு டெர்வார்னு ஒரு பிரெஞ்சு வார்த்தை வெச்சிருக்காங்க. நம்ம பெரியவங்க மண்வாகுன்னு சொல்வாங்க. மண், அடியில உள்ள கல், சரிவு, காத்து, பனி, தண்ணி, அங்க உழுகிற மனுசன் பழக்கம் எல்லாம் சேர்ந்தது. மல்லிக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். பதியன் வர்றது ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்துல இருந்து. கடலோர மணல்ல வேர் விட்ட செடி. அதையே நம்ம மண்ணுல நட்டா மொட்டு தடிச்சு, மணம் ஏறி மதுரை மல்லி ஆகுது. 2013-ல புவிசார் குறியீடு கூடக் கிடைச்சிருச்சு. செடி ஒண்ணு, மண் வேற, பூ வேற.

இப்ப மச்சான் பந்தலுக்குக் கீழ போய் நிப்போம். கம்பம் பள்ளத்தாக்கு ஒரு பக்கம் கேரளா மலை, ஒரு பக்கம் மேகமலை. நடுவுல முல்லைப் பெரியாத்துத் தண்ணி. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல கொடி படர்ந்து கிடக்கும். பன்னீர் திராட்சைக்கு உலகப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இங்க கொண்டுவந்தார்னு அந்தப் பக்கம் சொல்வாங்க. மரபணு பார்த்துச் சொன்ன சங்கதி ஒண்ணு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. இந்த ரகத்தோட பெத்தவங்க ரெண்டு பேர்ல ஒண்ணு மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. இன்னொண்ணு ஸ்கியாவா குரோசா, வடக்கு இத்தாலியில ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ரகம். நம்ம வண்டியில கூவி விக்கிற பன்னீர் திராட்சைக்கு இத்தாலியில சொந்தக்காரங்க இருக்காங்க! இதைச் சொன்னதும் மச்சான், "அப்ப நாங்களும் சம்பந்தி வீடுதான்"னு சிரிச்சார்.

சொந்தம் இருந்தாலும் குணம் வேற. பன்னீருக்குத் தோல் மெல்லிசு. துவர்ப்பு கம்மி. வாயில போட்டதும் பன்னீர் வாசம், இனிப்பு, அவ்வளவுதான். இதுல ஒயினும் போடலாம், நல்லாவும் இருக்கும், ஆனா இளசுலயே குடிச்சிரணும். இருபது வருஷம் வெச்சிருக்கிற சரக்கு இல்ல. அதை ஒரு குறையா நான் சொல்லல. மல்லியைப் போய் சந்தனக்கட்டை மாதிரி ஏன் நிலைக்கலன்னு யாரும் கேக்கிறதில்லையே.

கொடி வளர்ற விதமும் வேற. அங்க குளிர்காலத்துல கொடி இலையை உதிர்த்துட்டுத் தூங்கும். வருஷத்துக்கு ஒரே அறுப்பு. இங்க குளிர் இல்ல, கொடி தூங்கறதே இல்ல. நாமதான் கவாத்து பண்ணி அதை எழுப்புறோம். கவாத்துல இருந்து நாலு மாசத்துக்குள்ள பழம். ரெண்டு வருஷத்துல அஞ்சு அறுப்பு வரைக்கும் எடுக்கிறவங்க இருக்காங்க. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகக் கணக்குல மஸ்கட் ரகம் ஹெக்டேருக்கு வருஷம் 30 டன். அங்க சட்டப்படி 8 டன்தான், மேல வந்தா காயிலேயே கிள்ளிப் போடுறாங்க. வருஷம் பூரா பழம் தர்ற திராட்சைப் பூமி இந்தியாவுல கம்பம்தான்னு சொல்லித்தான் 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்கும் புவிசார் குறியீடு வாங்குனாங்க.

ஆனா இந்தப் பழத்தால காத்திருக்க முடியாது. மழை ஒண்ணு பெஞ்சா பழம் வெடிச்சிரும். பழுத்து நிக்கிற பந்தலை நாலு நாள் தள்ளிப் போட முடியாது. போன அறுப்புல வியாபாரி வந்து கிலோ முப்பது ரூபாய்னு கேட்டிருக்கார். மச்சான் கட்டாதுன்னிருக்கார். வியாபாரி வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். மூணாம் நாள் மேகம் கூடுச்சு. மச்சானே போன் பண்ணிக் கூப்பிட்டார். இந்தத் தடவை இருபத்தஞ்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இந்தக் கதையே வேணாம்னு பந்தலைப் பிரிச்சுட்டு தென்னை வெச்சுட்டார். மச்சானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கார். புவிசார் குறியீடு வந்தும் மதுரையில வண்டியில கிடக்கிற பழத்துல எது சுருளிப்பட்டி, எது ராயப்பன்பட்டின்னு யாருக்குத் தெரியும்?

அங்க மட்டும் ஆதியில இருந்தே ராஜ வாழ்க்கைன்னு நான் நெனச்சிருந்தேன். படிச்சுப் பார்த்தா அப்படி இல்ல. போன நூற்றாண்டு பாதி வரைக்கும் லாங்கே வறுமைக்குப் பேர் போன சீமை. பிள்ளைங்க நிலத்தை விட்டுட்டு டூரின் நகரத்து கார் கம்பெனிக்குப் போனாங்க. இருந்த விவசாயிங்க திராட்சையை வண்டியில ஏத்தி ஆல்பா நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோவாங்க. வியாபாரிங்க வெயில் ஏறுற வரைக்கும் சும்மா நின்னு பார்ப்பாங்களாம். பழம் வாடும், விவசாயி மனசும் வாடும். சாயங்காலம் அவங்க சொன்னதுதான் விலை. வருஷக் கணக்குல பாதாளக் கொட்டடியில போட்டு விலை ஏத்துனது வியாபாரி. மண்வாகு அன்னைக்கும் அதேதான். மண்ணுக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும் அதுல பங்கு இல்ல.

பரோலோவுக்குப் பக்கத்து ஊர் பார்பரெஸ்கோ. அங்கயும் நெபியோலோதான். 1894-ல தோமிட்சியோ கவாட்சான்னு ஆல்பா ஒயின் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் ஊர் விவசாயிங்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சார். 1920-கள்ல பாசிச ஆட்சியில அதை மூடிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல போச்சு. 1958-ல அந்த ஊர் தேவாலயப் பாதிரியார் ஃபியோரினோ மரெங்கோ, சின்ன விவசாயிங்க 19 பேரைக் கூட்டி மறுபடி தொடங்குனார். கட்டடம் இல்ல. முதல் மூணு வருஷ ஒயினை தேவாலயத்துக்குக் கீழ இருக்குற நிலவறையிலதான் வெச்சாங்க. இன்னைக்கு அந்தக் கூட்டுறவு உலகம் முழுக்கப் பேர் வாங்கியிருக்கு. நல்ல வருஷம் வந்தா, எந்தச் சரிவுல விளைஞ்சதோ அந்தச் சரிவுப் பேரைத் தனித்தனியாப் போட்டு பாட்டில் விடுறாங்க.

அந்தப் பாதிரியார் புது மண் எதையும் கொண்டுவந்துடல. விவசாயி காத்திருக்கிறதுக்கு ஒரு இடத்தை உண்டாக்கினார். நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் மண்வாகு பாதி, காத்திருக்கிற சக்தி பாதி. மண் எவ்வளவு உசத்தியா இருந்தாலும், அன்னைக்கே வித்தாகணும்ங்கிற கட்டாயத்துல இருக்குறவன் பொருளுக்குப் பேர் வராது, வாங்குறவன் பேர்தான் வரும்.

மச்சான்கிட்ட இதைச் சொன்னேன். "நல்ல கதைதான் மாப்ள. அந்தப் பாதிரியாரை இப்ப எங்க போய்த் தேடுறது?"ன்னார். சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயமானது. பழத்துக்குக் குளிர்சாதனக் கிடங்கு, சாறு பிழியுற ஆலை எல்லாம் தனி ஆளால ஆகுற காரியம் இல்ல. அஞ்சாறு ஊர் சேரணும்.

பேர் இருந்தா இன்னொரு பலனும் உண்டு. பரோலோ ஊர்ல கன்னூபின்னு ஒரு மேடு. 1752-ன்னு வருஷமும் கன்னூபின்னு பேரும் போட்ட ஒரு பழைய பாட்டில் இன்னும் பத்திரமா இருக்கு. 2010-ல அந்த மாதிரி ஒவ்வொரு சரிவுக்கும் எல்லை வரைஞ்சு 181 பேரைச் சட்டத்துல எழுதிட்டாங்க. 2014-ல அந்தத் திராட்சை மலைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுச்சு. நம்ம மேலூர்ப் பக்கம் 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தப்ப நாம பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில அது ரத்தாச்சு. அரிட்டாபட்டிக்கு 2022-லயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு ஒரு பேர் கிடைச்சிருந்தது அன்னைக்குப் பேச எவ்வளவு உதவுச்சு! மேல என்ன விளையுதுன்னு ஊருக்கு ஊர் எழுதி வெச்சிருந்தா, அடியில என்ன இருக்குன்னு தோண்ட வர்றவன் ஒரு தடவை யோசிப்பான்.

நம்ம செய்க்கும் பேர் உண்டு. எனக்குப் புளியடிச் செய், கோயில் செய், பள்ளச் செய்னு மூணு துண்டு. பள்ளச் செய்யில நெல்லு எடை நிக்கும், கோயில் செய் அரிசியில சோறு உதிரி உதிரியா வரும். எங்க அப்பா வாயில போட்டுப் பார்த்தே எந்தச் செய் நெல்லுன்னு சொல்வார். அந்தப் பேரெல்லாம் களத்தோட சரி. மூட்டை வண்டியில ஏறினதும் எல்லாம் ஒரே நெல்லு.

மச்சான் பழத்துக்குப் பாய்ஞ்ச அதே பெரியாத்துத் தண்ணிதான் வைகை அணை, பேரணை தாண்டி கால்வாய்ல நம்ம கண்மாய்க்கு வருது. 1895-ல கட்டி முடிச்ச அணையோட தண்ணி அங்க திராட்சையாகுது, கடைமடையில நமக்கு நெல்லாகுது. அவர் பழம் காத்திருக்காது. நம்ம நெல் காத்திருக்கும். வருஷம் போனா ஒசந்து போற சரக்கு நம்ம கையிலயே இருக்கு. புது அரிசி குழையும். ஒரு வருஷம் கிடந்த அரிசி தண்ணி அதிகம் குடிச்சு, நீண்டு, ஒட்டாம வேகும், படியும் கூடக் காணும். கடையில "பழைய அரிசி"ன்னு போட்டு கூடுதல் விலை வெக்கிறதும் அதனாலதான். அந்தக் கூடுதல் காசு, காத்திருந்த வியாபாரிக்கும் ஆலைக்காரருக்கும் போகுது. உழுதவன் களத்துலயே வித்துட்டு வந்துடுறான். ஏன்னா உரக்கடை பாக்கி, நகைக்கடன் வட்டி, பிள்ளை காலேஜ் பீஸ். பாட்டி காலத்துல குதிரும் குலுக்கையும் இருந்துச்சு. இப்ப வீட்ல டிவி வெக்கத்தான் இடம் இருக்கு.

வழி இல்லாமலும் இல்ல. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல நெல்லை இருப்பு வெச்சா, அதோட மதிப்புல முக்கால் பங்கு வரைக்கும் பொருளீட்டுக் கடன் வாங்கலாம், 180 நாள் வரை. தெரியாதவங்க விசாரிச்சுப் பாருங்க. ஆறு மாசம் தாண்டினா நெல்லு பாதிப் பழசு.

நாங்க அஞ்சு பேர் இந்த வருஷம் ஒண்ணு பேசி வெச்சிருக்கோம். தை அறுப்புல ஆளுக்குப் பத்து மூட்டை பொன்னியை விக்காம எடுத்து வெக்கிறது. நல்லாக் காயப் போட்டு, சாக்குல ஊர்ப் பேர், செய்ப் பேர், அறுப்பு வருஷம் மூணும் எழுதுறது. அடுத்த தை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நடுவுல ஒருத்தருக்கு அவசரச் செலவு வந்தா மத்த நாலு பேரும் கைமாத்துக் குடுக்கணும், மூட்டையை விக்க விடக் கூடாது. இதை ஒரு நோட்டுல எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஐம்பது மூட்டைக்கும் என் வீட்டுப் பழைய மாட்டுக்கொட்டகைதான் கிடங்கு. தரையில பலகை அடிச்சாச்சு.

இப்ப பயம் எல்லாம் எலியும் அந்துப்பூச்சியும்தான். நொச்சி இலையும் வேப்பிலையும் காயவெச்சு மூட்டைக்கு நடுவுல போடலாம்னு இருக்கேன். வருஷக் கணக்குல நெல்லு சேமிச்சுப் பழக்கம் உள்ள பெரியவங்க உங்க வீட்ல யாராச்சும் இருந்தா கேட்டுச் சொல்லுங்க. இலையை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும், மழைக்காலத்துல மூட்டையைப் பிரிச்சுக் காயவெக்கணுமா, இது ரெண்டும் எனக்கு அவசியம் தெரியணும்.